ஆபீஸை ஓப்பன் சோர்ஸுக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு ஐடி ஊழியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கம்பெனியின் சர்வர் முதல் சம்பளக் கணக்கு வரை எல்லாமே ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடும் திறமூல மென்பொருள்) மேல்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு பிழையைத் திருத்தி நான்கு வரி திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் மட்டும் யாரைக் கேட்பது, யார் கையெழுத்துப் போடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்பதாம், பத்தாம் படிகள் ஆள் எடுப்பதையும் வேலைக்குச் சேர்வதையும் பற்றியவை. வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றாம் படியைப் படித்துவிட்டு நேராகப் பத்தாம் படிக்குப் போகலாம்.

நீங்கள் கேட்கப் போவது மூன்று: அனுமதி, நேரம், பணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக முயல்பவர்களில் நிறையப் பேர் பணத்தில்தான் தொடங்குகிறார்கள். பாஸ் "நல்ல ஐடியா, அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம்" என்பார், அத்தோடு சரி. அனுமதிக்குக் காசு செலவில்லை. அனுமதி கிடைத்து நீங்கள் செய்த வேலையைக் காட்டித்தான் நேரம் கேட்க முடியும். அந்த நேரத்தில் என்ன மிச்சமானது என்று காட்டித்தான் பணம் கேட்க முடியும்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வேலை ஒப்பந்தக் கடிதம், ஊழியர் கையேடு, நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் உண்மையாகவே உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு பிழை. மூன்றாவது இல்லையென்றால் அது கிடைக்கும் வரை காத்திருங்கள். பிழை இல்லாமல் கொள்கை மட்டும் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

1. முதலில் ஒப்பந்தக் கடிதத்தைப் படியுங்கள்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26(2) பிரிவின்படி, வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியதன் பதிப்புரிமை முதலாளிக்குப் போய்விட்டதாகவே கருதப்படும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் நிலைமையை மாற்ற முடியும் என்று சட்டமே இடம் கொடுக்கிறது.

கடிதத்தில் தேட வேண்டியது, "வேலை நேரத்திலோ அதற்கு வெளியிலோ" உருவாக்கிய எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்கிற மாதிரியான வாசகம். இது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்த லேப்டாப்பில் எழுதியதற்கும் தகராறு வரலாம். இல்லாவிட்டாலும் ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை செய்யாதீர்கள்; எது யாருடையது என்று பின்னால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

நீங்கள் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அவுட்சோர்சிங் ஆள் என்றால் இரண்டு ஒப்பந்தம் இருக்கிறது: உங்களுக்கும் உங்கள் கம்பெனிக்கும் ஒன்று, உங்கள் கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் இன்னொன்று. இரண்டாவதை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். அதனால் அனுமதி கேட்கும்போதே "வாடிக்கையாளர் ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கோலாலம்பூரில் இந்த வகை வேலை நிறைய, இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களும் நிறைய.

2. எதன் மேல் நிற்கிறோம் என்று ஒரு பட்டியல் எடுங்கள்

பாஸுக்கு ஓப்பன் சோர்ஸ் என்றால் லினக்ஸ், அவ்வளவுதான். அடியில் எத்தனை நூலகங்கள் (மற்றவர்கள் எழுதி வைத்த, நம் மென்பொருள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன என்று பார்த்ததே இல்லை. சிஃப்ட் மாதிரி ஒரு கருவியை உங்கள் கன்டெய்னர் இமேஜ் (மென்பொருளும் அதற்குத் தேவையானவையும் சேர்ந்த பொதி) மேல் ஓட்டினால், இத்தகைய பட்டியல்களுக்கான பொது வடிவங்களான சைக்ளோன்டிஎக்ஸ் அல்லது எஸ்பிடிஎக்ஸில் முழுப் பட்டியல் வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நோட் ஜேஎஸ் திட்டம் என்றால் என்பிஎம் ஃபண்ட் என்று ஒரே கட்டளை, யாரெல்லாம் நிதி எதிர்பார்க்கிறார்கள் என்று சேர்த்தே காட்டும்.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே மேலே அனுப்பாதீர்கள். ஆயிரம் வரிக் கோப்பை ஒருவரும் திறக்க மாட்டார்கள். அதிலிருந்து, நின்றுபோனால் கம்பெனிக்குப் பணம் வருவது நின்றுவிடும் என்கிற ஐந்தாறை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம்: நாம் எங்கே பயன்படுத்துகிறோம், எத்தனை பேர் அதைப் பராமரிக்கிறார்கள், கடைசி வெளியீடு எப்போது.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைத் தொட்டுக் காட்டலாம். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல நிறுவனங்களில் முதல் தலைவலியே "நம்மிடம் இது இருக்கிறதா, எங்கே இருக்கிறது" என்பதுதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தபோதும் அதே கேள்வி. உங்கள் பட்டியல் அதற்குப் பதில் சொல்லும். பாதுகாப்புக் குழு உங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் இந்தக் காகிதத்தால்தான். அவர்கள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. முதல் கோரிக்கை: ஒரே ஒரு சின்னத் திருத்தம்

இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி, அதனால் ஓர் உதாரணத்தோடு நிதானமாகவே பார்ப்போம்.

சம்பளம், லீவு, டெலிவரி தேதி, எதைக் கணக்குப் போட்டாலும் பொது விடுமுறைப் பட்டியல் வேண்டும். மலேசியாவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தைப்பூசம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் விடுமுறை, கிளந்தானில் இல்லை. தீபாவளிக்குச் சரவாக்கில் விடுமுறை கிடையாது. ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி ஞாயிறுக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு 2022 நவம்பர் 28 மாதிரி, பொதுத் தேர்தலுக்குப் பிறகு திடீரென அறிவிக்கப்படும் விடுமுறைகள் வேறு. இதையெல்லாம் மாநில வாரியாகச் சொல்லும் ஹாலிடேஸ் என்ற பைத்தான் நூலகம், கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது.

இப்போது அதில் ஒரு தேதி விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன நடக்கும்? யாராவது அவசரத்துக்கு உள்ளேயே ஒரு பேட்ச் (நூலகத்தின் நிரலில் நாமே ஒட்டும் திருத்தம்) போட்டு, கோப்பில் "தொடாதே" என்று ஒரு குறிப்பும் எழுதி வைப்பார். நூலகத்தின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பேட்சை மறுபடி ஒட்டிச் சோதிக்க வேண்டும். அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போனபின் அது எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது, எடுக்கவும் பயம். அதே திருத்தம் மூலத் திட்டத்துக்கு, அதாவது அந்த நூலகத்தை எழுதிப் பராமரிப்பவர்களிடம், போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் சுமை அன்றோடு இறங்கிவிடும், பராமரிப்பது அவர்கள் பொறுப்பு.

ஆக, பாஸிடம் "சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்போம்" என்று பேச வேண்டாம். "இந்தப் பேட்சை நாம் சுமக்க வேண்டாம்" என்று பேசுங்கள். இரண்டும் ஒரே வேலைதான், ஆனால் இரண்டாவதற்குத்தான் அவரிடம் பதில் இருக்கிறது.

மின்னஞ்சலை உங்கள் ஆபீஸ் எந்த மொழியில் எழுதுமோ அதில் எழுதுங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

"நாம் பயன்படுத்தும் இன்ன நூலகத்தில் இன்ன பிழை. நாம் உள்ளே ஒரு பேட்ச் வைத்திருக்கிறோம், ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கும் இவ்வளவு நேரம் போகிறது. அந்தத் திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்ப அனுமதி வேண்டும். இதில் நம் வணிகத் தகவலோ வாடிக்கையாளர் தரவோ இல்லை. உரிமம் எம்ஐடி, நம் மற்ற நிரல்களுக்கு இதனால் எந்தக் கடப்பாடும் வராது. அனுப்பப் போகும் வரிகளை இணைத்திருக்கிறேன். சரியென்றால் பதிலில் 'சரி' என்று மட்டும் எழுதினால் போதும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேனேஜர் வாய்மொழியாக "ஓகே லா, போடு" என்று சொல்லிவிடுவார். ஆறு மாதம் கழித்து லீகலில் இருந்து யாராவது கேட்டால் அந்த ஓகே காற்றோடு போயிருக்கும். ஒரு சொல்லானாலும் எழுத்தில் வாங்கி, ஆபீஸ் மின்னஞ்சலிலேயே தனி ஃபோல்டரில் வையுங்கள்.

4. யாரிடம் கேட்பது என்பது இடத்துக்கு இடம் மாறும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறீர்கள் என்றால், விதிமுறை பெரும்பாலும் ஏற்கெனவே தலைமையகத்தில் இருக்கும், இங்கே உள்ள மேனேஜருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். அவர் "முடியாது" என்று சொல்லும் முன் கம்பெனியின் உள் தளத்தில் தேடிப் பாருங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கம்பெனி பெயரில் கணக்கு இருந்தால், அங்கே கமிட் செய்யும் (நிரல் மாற்றங்களைப் பதிவேற்றும்) சக ஊழியர் ஒருவரைப் பிடித்து, எந்தப் படிவம் நிரப்பினீர்கள் என்று கேளுங்கள். வேறு நாட்டில் இருக்கும் அந்த ஆள் அனுப்பும் ஒரு லிங்க் உங்கள் மேனேஜரோடு பத்துக் கூட்டம் போடுவதைவிட மேல்.

கோலாலம்பூரில் பங்சார் சவுத் பக்கம் இருபது முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனி என்றால் நேராகத் தொழில்நுட்பத் தலைவரிடம் போகலாம். எச்ஆரிடம் தொடங்காதீர்கள். அவர்களுக்கு இது அதிகாரத்துக்கு வெளியே உள்ள விஷயம், வக்கீலிடம் தள்ளிவிடுவார்கள், வக்கீல் பாதுகாப்பாக 'வேண்டாம்' என்பார். தொழில்நுட்பத் தலைவர் ஒப்புக்கொண்ட ஒன்றைச் சரிபார்க்கச் சொல்லி வக்கீலிடம் கொண்டுபோனால் பதில் வேறு மாதிரி வரும்.

வங்கி, காப்பீடு என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை தலைக்கு மேல் இருக்கிறது, எனவே பாதுகாப்புக் குழுவை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நேரமாகும். ஆனால் அங்கே ஒரு முறை வழி திறந்தால் நிலைத்து நிற்கும்.

எங்கே போனாலும் வரும் கேள்வி: "போட்டிக் கம்பெனி இதை இலவசமாக எடுத்துக்கொள்வானே?" எடுத்துக்கொள்ளட்டும். நாம் அனுப்புவது விடுமுறைப் பட்டியலில் ஒரு தேதி. நம் விலை நிர்ணயமோ கடன் மதிப்பீட்டு விதியோ அதில் இல்லை. எது கொடுக்கலாம் எது கொடுக்கக் கூடாது என்று நீங்களே கோடு கிழித்துக் காட்டினால் இந்தக் கேள்வி அங்கேயே அடங்கும்.

5. அனுப்பும் முன் நிரலைச் சுத்தம் செய்யுங்கள்

ஒரு தவறான கமிட் போதும், அடுத்த பல ஆண்டுக்கு உங்கள் கம்பெனியில் ஓப்பன் சோர்ஸ் என்று யாரும் வாய் திறக்க முடியாது. அதனால் இதில் சோம்பல் வேண்டாம்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி (வேறு சேவைக்குள் நுழைய நிரல் பயன்படுத்தும் ரகசியக் குறியீடு) ஆகியவற்றைக் கிட்லீக்ஸ் மாதிரியான கருவி பிடித்துவிடும். கருவி கோட்டைவிட வாய்ப்புள்ளது சோதனைத் தரவு. டெஸ்ட் ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள். யாரோ அவசரத்தில் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலில் இருந்து நான்கு வரி வெட்டி ஒட்டியிருப்பார். கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிட்டோம் என்று ஆறுதல் சொல்வார்கள். மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர்). பக்கத்துக் கட்டத்தில் பெயரும் இருந்துவிட்டால் மறைத்து என்ன பயன்? 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாயும் இடம் இது. உண்மைத் தரவை மாற்றி எழுதாதீர்கள், முழுக்கத் தூக்கிவிட்டுப் பொய்த் தரவை உருவாக்குங்கள்.

முழுத் திட்டத்தையே வெளியிடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: இன்று அழித்த கோப்பு, மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அப்படியே இருக்கும். வரலாறு இல்லாத புது ரெப்போவாக (நிரல் சேமிப்பிடமாக) தொடங்குவதுதான் நிம்மதி. உள் சர்வர் பெயர்கள், சக ஊழியரைத் திட்டி எழுதிய குறிப்புகள் எல்லாம் அதோடு போய்விடும்.

பிறகு சின்ன விஷயங்கள். கமிட்டில் எந்த மின்னஞ்சல் முகவரி போக வேண்டும், ஆபீஸுடையதா சொந்தமா, என்று அனுமதி கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். சில திட்டங்கள் டிசிஓ கேட்கும்: கமிட் செய்தியில் உங்கள் பெயரோடு ஒரு ஒப்புதல் வரி, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் சொல்வது. சில திட்டங்கள் சிஎல்ஏ என்ற பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் கேட்கும். கம்பெனி சார்பிலான சிஎல்ஏவில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, அதிகாரம் உள்ளவர்தான் போட வேண்டும். திரையில் வந்ததே என்று கிளிக் செய்துவிடாதீர்கள்.

6. நேரத்தை டிக்கெட்டாகக் கேளுங்கள்

"வாரத்தில் ஒரு நாள் ஓப்பன் சோர்ஸுக்கு" என்று கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் முதல் அவசரத்தில் பறிபோகும். வெள்ளி மதியம் கொடுக்கிறோம் என்பார்கள். தொழுகை இடைவேளை முடிந்து ஆட்கள் திரும்பி வரும்போது மணி மூன்றாகப் போகும், அப்புறம் என்ன மிச்சம்.

அதற்குப் பதில் ஒவ்வொரு திருத்தத்தையும் வழக்கமான வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட்டாகப் போடுங்கள். தலைப்பில் "ஓப்பன் சோர்ஸ்" என்று எழுத வேண்டாம், "இன்ன உள் பேட்சை நீக்குதல்" என்று எழுதுங்கள். மூலத் திட்டத்தார் மறுபரிசீலனை செய்து கேள்வி கேட்பார்கள், பதில் வர வாரக் கணக்கில் ஆகலாம், எனவே அந்தக் காத்திருப்பையும் டிக்கெட்டில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரின்ட் (ஓரிரு வார வேலைச் சுற்று) முடிவில் அது தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இதெல்லாம் இழுவை வேலை என்ற பெயர் வந்துவிடும்.

7. ஒரு பக்க விதிமுறை

இரண்டு மூன்று திருத்தம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கேட்பது எல்லோருக்கும் சலிக்கும். அந்தச் சலிப்பு வந்தபின் விதிமுறை கேளுங்கள், முன்னால் அல்ல. முன்னால் கேட்டால் யாரோ எங்கிருந்தோ நாற்பது பக்க வார்ப்புருவை எடுத்து வருவார்கள்.

பக்கத்தில் இருக்க வேண்டியது: பிழைத் திருத்தத்துக்கு மேனேஜர் அனுமதி போதும், புதிய திட்டம் வெளியிட லீகலும் பார்க்க வேண்டும், சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில், கம்பெனித் தொழிலுக்குத் தொடர்பில்லாமல் எழுதியது ஊழியருக்கே.

உரிமங்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 என்ற உரிமங்கள் எளிது. ஜிபிஎல் (நிரலைத் திறந்தே கொடுக்கச் சொல்லும் உரிமம்) என்றதும் பயப்பட வேண்டாம், உள்ளே சர்வரில் மட்டும் ஓட்டினால் நிரலை வெளியிடச் சொல்லி அது கேட்காது. ஆனால் கருவிக்குள் போட்டு விற்றால் கேட்கும். பினாங்கில் லினக்ஸ் ஓடும் கருவி செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதைவிடக் கண்டிப்பான ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றி இணையச் சேவையாகக் கொடுத்தாலே கடப்பாடு வரும், அதற்கு மட்டும் 'கேட்டுவிட்டுச் செய்' என்று எழுதுங்கள்.

8. இப்போது பணம்

ஃபைனான்ஸில் "நன்கொடை" என்று சொல்லாதீர்கள். உடனே வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பா என்று கேட்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் ஒரு நூலகத் திட்டத்துக்கு அது இருக்காது. விலைப்பட்டியல் வருகிற வழியைத் தேடுங்கள்: பராமரிப்பாளரிடம் ஆதரவு ஒப்பந்தம் வாங்கலாம், ஓப்பன் கலெக்டிவ் அல்லது கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் என்ற நிதியளிக்கும் தளங்கள் வழியாகப் போகலாம். எந்தக் கணக்கில் எழுதுவது, வெளிநாட்டுக்குப் போகும் தொகைக்குப் பிடித்தம் செய்யும் வரி உண்டா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், கேள்வியை மட்டும் முதலிலேயே எழுப்பிவிடுங்கள்.

தொகை எவ்வளவு? கம்பெனிகள் பராமரிப்பாளர்களுக்குப் பணம் கொடுக்க உறுதியளிக்கும், 2024இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ், ஒரு டெவலப்பருக்கு ஆண்டுக்கு 2,000 அமெரிக்க டாலர் என்று அளவு வைத்திருக்கிறது. இங்குள்ள சிறு கம்பெனிக்கு அது கனவு. இரண்டாம் படியில் எழுதிய ஐந்தாறு பெயரில் ஒன்றே ஒன்றுக்கு, மாதம் ஒரு மாமாக் கடை டீம் லஞ்ச் அளவுக்குத் தொடங்கினாலும் போதும், முக்கியம் அது ஆண்டு பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறுவது.

இன்னொரு வாசல், ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் எச்ஆர்டி கார்ப் லெவி. பத்தும் அதற்கு மேலும் மலேசிய ஊழியர்கள் உள்ள பெரும்பாலான கம்பெனிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பணம் திட்டங்களுக்குப் போகாது, பயிற்சிக்குத்தான். ஆனால் லினக்ஸ் பயிற்சியையோ, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டஸ் பயிற்சியையோ அதில் எடுத்துக்கொண்டால் உங்கள் குழுவில் திருத்தம் அனுப்பத் தெரிந்தவர்கள் கூடுவார்கள்.

9. ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ஒரு வரி

இதற்கு எச்ஆர் தேவை, அதனால்தான் இவ்வளவு பின்னால் வைத்தேன். ஜாப்ஸ்ட்ரீட் வேலைவாய்ப்புத் தளத்தில் போடும் விளம்பரத்தில், "எங்கள் குழு இன்ன திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறது, அது வேலை நேரத்திலேயே செய்யப்படுகிறது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். உண்மையாக அனுப்பியிருந்தால் மட்டும். சும்மா "ஓப்பன் சோர்ஸில் ஆர்வம் வேண்டும்" என்று போட்டால் அதை எல்லோரும் போடுகிறார்கள்.

ரெக்ரூட்டருக்கு நிரல் படிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்கு இரண்டு கேள்வி எழுதிக் கொடுங்கள்: வேறொருவர் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு திருத்தத்தின் இணைப்பு இருக்கிறதா? அதில் வந்த விமர்சனத்துக்கு இவர் எப்படிப் பதில் எழுதினார்? இரண்டாவதைப் படிக்க நிரல் தெரிய வேண்டாம், நிதானமாகப் பேசத் தெரிந்த ஆளா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தடுத்து நிறுத்துங்கள்: கிட்ஹப் பக்கத்தில் ஒருவர் பங்களித்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்களை எண்ணி ஆள் எடுப்பது. வங்கியில் பத்து வருடம் உள்ளேயே எழுதியவருக்கு அது காலியாக இருக்கும். வேலை முடிந்து பிள்ளைகளை டியூஷனில் இருந்து கூட்டிவந்து சமைக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். இருந்தால் பார்க்கலாம், இல்லாததைக் குறையாக வைக்கக் கூடாது என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள்.

10. வேலை தேடுபவர்கள்: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

ஆஃபர் லெட்டர் வந்து கையெழுத்துப் போடாமல் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம். வேலைக்குச் சேர்ந்தபின் இதே வரியைச் சேர்க்க மாதங்கள் ஆகும்.

ரெக்ரூட்டர் நம்ம ஆளாக இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: "அக்கா, சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எழுதியது யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் பிரிவில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்." என்ன வரி? நீங்கள் ஏற்கெனவே பங்களிக்கும் திட்டங்களின் பட்டியல் இணைப்பாக இருக்கும், அவற்றுக்குச் சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் எழுதுவது கம்பெனிக்கு மாற்றப்படாது. பட்டியலில் பெயர்களை வெளிப்படையாக எழுதுங்கள். "எல்லாத் திட்டங்களும்" என்று பொதுவாகக் கேட்டால் மறுப்பது சுலபம். பெயர் சொன்ன இரண்டு திட்டத்தை மறுக்க அவர்களுக்குக் காரணம் வேண்டும்.

மறுத்துவிட்டால் ஏன் என்று மட்டும் கேட்டு வையுங்கள். அந்தப் பதிலிலேயே உள்ளே போனபின் மூன்றாம் படி எவ்வளவு சுலபம் என்று தெரிந்துவிடும்.

11. மேனேஜர் மாறும்போது

இந்த ஊர் ஐடி துறையில் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், உங்களுக்கு "சரி" என்று எழுதியவரும் ஒரு நாள் போவார். அவர் கடைசி வாரத்துக்குள் விதிமுறைப் பக்கத்தை அவர் பெயரில் இல்லாமல் துறையின் பெயரில் உள் தளத்தில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். நீக்கப்பட்ட உள் பேட்சுகளின் பட்டியலை அதன் கீழே ஒட்டி வையுங்கள். புது மேனேஜர் வந்த முதல் வாரத்தில் அதைக் காட்ட வேண்டாம், அவருக்கு அப்போது ஆயிரம் வேலை. அடுத்த பதிப்பு உயர்வு வரும்போது, "இது ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது" என்று அவர் கேட்டால் அப்போது லிங்கை அனுப்புங்கள். கேட்கவில்லையென்றால் பட்ஜெட் மாதத்தில் எட்டாம் படியோடு சேர்த்து அனுப்புங்கள்.